ஏஜெண்டாக இருந்துகொண்டே சொந்தமாகவும் வீடு வாங்குகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செந்தூல் தம்பி
செவ்வாய், இரவு 11:20

வணக்கம். நாலு வருஷமா கே.எல்.லில் (கோலாலம்பூர்) வீடு விற்கும் ஏஜெண்டாக இருக்கிறேன். இன்னும் ஆர்.இ.என். டேக்தான், அதாவது பதிவு பெற்ற ஏஜெண்டுக்குக் கீழே வேலை பார்க்கிறவன். செந்தூல், செகாம்புட், ஜாலான் ஈப்போ, கெப்போங்தான் என் வட்டாரம். பழைய வீடுகள் மட்டும் பார்க்கிறேன், புது ப்ராஜெக்ட் பக்கம் போவதில்லை. 2021-ல் செத்தாப்பாக்கில் ஒரு அபார்ட்மெண்ட் வாங்கி, காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அது ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது இரண்டாவது வாங்க ஆசை. அங்கேதான் சிக்கல்.

போன வாரம் ஜாலான் ஈப்போ பக்கம் ஓர் அம்மா, வீட்டை விற்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். என் அம்மாவுக்குக் கோயிலில் பழக்கம். ஒரு மாடி டேரஸ் (வரிசை வீடு), ஃப்ரீஹோல்ட் (கால வரம்பு இல்லாத நிலம்), நடு லாட். கணவர் தவறிவிட்டார், மகன் ஜொகூரில். வீடு முதலில் இருந்தே இவர்கள் பேரில்தான். அடுப்படியில் இருந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்துத் திறந்தார்கள். கிராண்ட் (வீட்டுப் பட்டா), சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீது, தண்ணீர் பில் என்று எல்லாம் வருஷ வாரியாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அடியில் கிடந்த கட்டுகளில் ரப்பர் பேண்ட் காய்ந்துபோய்க் காகிதத்தோடு ஒட்டிக்கிடந்தது. "480 ஆயிரம் வந்தா போதும் தம்பி. நீ பார்த்து எது சொன்னாலும் சரி" என்றார்கள்.

அதே வரிசையில் கடைசியாகக் கைமாறிய இரண்டு வீடும் 555 ஆயிரம், 560 ஆயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. "பார்த்துச் சொல்றேம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

கேட்கிறது இதுதான். அவர்கள் கேட்ட விலைக்கே நான் வாங்கினால் அது தப்பா? கமிஷன் ஒரு காசு வாங்க மாட்டேன். இன்னொன்று, இரண்டு தொழிலையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் எந்த வீட்டைத் தனக்கு எடுப்பது, எதை வாடிக்கையாளருக்கு விடுவது என்று எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்?


புது டேக்
புதன், காலை 7:05

அண்ணே, நான் இந்த வருஷம்தான் ஆர்.இ.என். ஆவதற்கான இரண்டு நாள் என்.சி.சி. கோர்ஸ் முடித்து டேக் வாங்கினேன். என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். விலையை நீங்கள் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். கமிஷனும் வேண்டாம் என்கிறீர்கள், 3 விழுக்காடு என்றால் 14,400 வெள்ளி அவர்களுக்கு மிச்சம். வெளியாள் ஒருவர் வந்து 480-க்கு வாங்கினால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீங்கள் வாங்கினால் மட்டும் ஏன் தப்பாக வேண்டும்?


ஆயர் ஈத்தாம் பெரியவர்
புதன், காலை 10:48

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். பினாங்கில் பதிவு பெற்ற ஏஜெண்டாக இருந்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். சொந்தமாகவும் வாங்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியாள் 480-க்கு வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மை. வெளியாளிடம் அந்த அம்மா மைலோ டின்னைத் திறந்து காட்டவில்லை. "நீ பார்த்து எது சொன்னாலும் சரி" என்று அவர்கள் உங்களிடம் சொன்னது நீங்கள் அவர்களுடைய ஆள் என்று நம்பித்தான். அந்த நிமிஷத்தில் இருந்து அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்காகத் தெரிந்தது. 560 என்ற எண்ணும் அதில் சேர்த்தி.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். முகவர் தனக்காகவே பேரத்தில் இறங்கி, முக்கியமான விஷயத்தை மறைத்திருந்தாலும் சரி, அந்தப் பேரம் உரிமையாளருக்குப் பாதகமாக இருந்தாலும் சரி, உரிமையாளர் அதை ஏற்க மறுக்கலாம். சட்டத்திலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் தன் நிலத்தை விற்றுத் தரச் சொல்கிறார். முகவர் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு சுரங்கம் இருக்கிறது. சுரங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார். நிலக்காரரும் சம்மதிக்கிறார். பிறகு விஷயம் தெரிந்தால் நிலக்காரர் விற்பனையை ரத்து செய்யலாம், வேண்டுமானால் அப்படியே ஏற்கவும் செய்யலாம். தம்பி, உங்கள் கையில் இருக்கும் அந்த இரண்டு வீட்டு விலைதான் இங்கே சுரங்கம். "வாங்கப்போவது நான்தான்" என்று சொல்லிவிட்டு விலையை மட்டும் மறைத்தாலும் மறைத்ததுதான். அடுத்த பிரிவு 169. உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் பேரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை உரிமையாளர் கேட்கலாம்.

வீட்டு ஏஜெண்டுகளுக்கான சட்டம் 242-ன் கீழ் அதற்குரிய வாரியத்தில் பதிவு செய்துதான் நாம் இந்தத் தொழிலைச் செய்கிறோம். புகார் அங்கே போனால் உங்களோடு நிற்காது. உங்களுக்கு மேலே இருக்கும் பதிவு பெற்ற ஏஜெண்டும் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏஜெண்ட் வாங்கவே கூடாதா? வாங்கலாம். நானும் என்னிடம் வந்த வீட்டை வாங்கியிருக்கிறேன். பாயான் பாருவில் ஒன்று. உரிமையாளர் ஒரு பள்ளி ஆசிரியர். முதலில் அவரிடம் "சார், இந்த வீடு எனக்கே வேண்டும், அதனால் இனி நான் உங்கள் ஏஜெண்ட் இல்லை" என்று சொன்னேன். அதையே எழுத்தில் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் விற்ற விலைகளை ஒரு தாளில் எழுதி அதோடு வைத்தேன். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை அவரே தேடிக்கொள்ளச் சொன்னேன், அதற்குரிய கட்டணத்தை நான் கட்டினேன். வேறு ஏஜெண்டிடமும் கேட்டுப் பாருங்கள் என்று இரண்டு வாரம் விட்டேன். அவருக்குத் தனி லோயர், எனக்குத் தனி லோயர். கடைசியில் மதிப்பீட்டு விலையைவிடக் கொஞ்சம்தான் குறைத்து வாங்கினேன். அந்தக் குறைவும் கூரை ஒழுகியதற்காக அவரே விட்டுக்கொடுத்தது. அந்த ஆசிரியர் பிறகு என்னிடம் நான்கு வாடிக்கையாளர்களை அனுப்பினார்.

மச்சான் பேரில், பெரியம்மா மகன் பேரில் வாங்கலாம் என்று யாராவது சொல்லித் தருவார்கள். அதுவும் இதே கணக்குதான். மறைப்பு இன்னும் ஒரு படி கூடுகிறது.


லோன் டெஸ்க்
புதன், மதியம் 1:15

பெரியவர் நியாயத்தைச் சொல்லிவிட்டார். நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பேங்க்கில் வீட்டுக் கடன் பிரிவில் இருக்கிறேன். கமிஷனில் வாழ்கிறவர்களின் ஃபைல் தினமும் என் மேஜைக்கு வருகிறது.

சம்பளக்காரருக்கு மூன்று மாத பே-ஸ்லிப் போதும். உங்களுக்குக் குறைந்தது ஆறு மாத கமிஷன் ஸ்டேட்மெண்ட், அந்தப் பணம் கணக்கில் ஏறியதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் பி (வருமான வரிக் கணக்கு), வரி கட்டிய ரசீது, சி.பி.58 (ஏஜென்சி கொடுக்கும் வருஷக் கமிஷன் விவரம்) எல்லாம் கேட்போம். ஆறு மாதத்தில் இரண்டு மாதம் பூஜ்யம் என்றால் சராசரி விழுந்துவிடும். அந்தச் சராசரியிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியைத்தான் பல பேங்க்கள் வருமானமாக எடுக்கும். வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, கடனுக்கு மட்டும் கூட்டிக் காட்ட முடியாது. இதில்தான் ஏஜெண்டுகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டுக் கடன் இரண்டு வரை 90 விழுக்காடு கிடைக்கலாம். மூன்றாவதில் இருந்து 70தான். 2010 நவம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா போட்ட வரம்பு அது. அதாவது 400 ஆயிரம் வெள்ளி வீட்டுக்குக் கையில் 120 ஆயிரம் வேண்டும். 90 விழுக்காடு கிடைக்கும் இரண்டு வாய்ப்புகளில் தம்பி ஒன்றைச் செத்தாப்பாக்கில் செலவழித்தாயிற்று. மிச்சம் இருக்கும் ஒன்றை எந்த வீட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஆற அமர யோசியுங்கள். இரண்டு நாளில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

உங்கள் கணக்கையே போடுகிறேன். 480-க்கு 90 விழுக்காடு என்றால் கடன் 432 ஆயிரம். 4.2 விழுக்காடு வட்டி, 35 வருஷம், மாதத் தவணை ஏறக்குறைய 1,965 வெள்ளி. அந்த வட்டாரத்தில் பழைய ஒரு மாடி வீட்டுக்கு என்ன வாடகை வரும், நீங்களே சொல்லுங்கள்.


செந்தூல் தம்பி
புதன், இரவு 9:30

பெரியவரே, நன்றி. அந்தச் சுரங்கம் உதாரணத்தை மூன்று தடவை படித்தேன்.

லோன் டெஸ்க் அண்ணே, வாடகை 1,500 வந்தால் பெரிது. ஒயரிங் பழசு, பின்பக்கக் கூரை மாற்ற வேண்டும். அப்படியென்றால் மாதம் 465 கையில் இருந்து போடணும், சுக்காய் பிந்துவும் இன்சூரன்ஸும் அதற்கு மேல். நான் வாடகையைப் பார்க்கவில்லை, 80 ஆயிரம் வித்தியாசத்தைத்தான் பார்த்தேன். ஒரு வருஷத்தில் பெயிண்ட் அடித்து 560-க்கு விற்றுவிடலாம் என்பதுதான் உண்மையாக என் மனசில் ஓடிய கணக்கு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.


கணக்குப்பிள்ளை
வியாழன், காலை 8:20

வரி வேலை பார்க்கிறவன். அந்த 80 ஆயிரத்தைப் பிரித்துக் காட்டுகிறேன், தோராயமாகத்தான்.

முதலில் முத்திரை வரி. நீங்கள் 480-க்கு வாங்கினாலும் சந்தை மதிப்பு 560 என்று மதிப்பீட்டுத் துறை சொன்னால் 560-க்குத்தான் கட்ட வேண்டும். முதல் 100 ஆயிரத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 400 ஆயிரத்துக்கு 2, அதற்கு மேல் ஒரு மில்லியன் வரை 3. ஆகக்கூடி 10,800. வாங்கும்போதும் விற்கும்போதும் லோயர் கட்டணம் சேர்ந்து ஒரு 9,000 என்று வையுங்கள். நீங்களே ஏஜெண்ட் என்பதால் விற்கும் கமிஷன் செலவு இல்லை. இதெல்லாம் போக ஆதாயம் 60 ஆயிரம் சொச்சம்.

வாங்கிய மூன்று வருஷத்துக்குள் விற்றால் சொத்து ஆதாய வரி 30 விழுக்காடு. தனிநபருக்கு 10,000 வெள்ளி அல்லது ஆதாயத்தில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது விலக்கு. அதைக் கழித்தால் வரி சுமார் 15 ஆயிரம். மீதி 45. ஒரு வருஷ வட்டி 18 ஆயிரத்துக்குக் கிட்டே. கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி, லோயர் என்று இன்னொரு 8 ஆயிரம். கையில் நிற்பது 19 ஆயிரம். கூரைக்கும் ஒயரிங்குக்கும் பெயிண்டுக்கும் நான் இன்னும் ஒரு காசு எழுதவில்லை. வாங்கும்போது கையில் இருந்து எடுத்து வைக்க வேண்டியது 75 ஆயிரத்துக்குக் கிட்டே வரும்.

அந்த அம்மாவுக்காக 560-க்கு விற்றுக் கொடுத்தால் 3 விழுக்காடு 16,800. ஏஜென்சி பங்கு போனாலும், கடனும் இல்லை, ஒரு வருஷம் காத்திருப்பதும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலே வீடு விற்பதாக இருக்கிற ஒருவர் வாங்கி வாங்கிச் சீக்கிரம் விற்றுக்கொண்டிருந்தால், வருமான வரி வாரியம் அதை முதலீடு என்று எடுக்காமல் வியாபாரம் என்று எடுக்கலாம். அப்போது சொத்து ஆதாய வரி இல்லை, வருமான வரிச் சட்டத்தின் 4(ஏ) பிரிவின் கீழ் உங்கள் கமிஷனோடு சேர்த்து வரி. எத்தனை தடவை விற்றீர்கள், எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள், வாங்கும்போது எண்ணம் என்ன, வாடகைக்கு விட்டீர்களா, இதையெல்லாம் பார்ப்பார்கள். சாதாரண ஆளைவிட ஏஜெண்டுக்கு இது கூர்மையாகவே இருக்கும். ஆறாவது வருஷத்தில் இருந்து குடிமக்களுக்குச் சொத்து ஆதாய வரி பூஜ்யம். அந்தப் பலன் வேண்டுமென்றால் வீட்டை வாடகைக்காக வாங்க வேண்டும், வாடகை ஒப்பந்தம், ரசீது எல்லாம் ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மா எத்தனையோ வருஷமாக அங்கேயே இருப்பதால் அவர்களுக்கு வரி வராது. ஆனால் சொத்து ஆதாய வரி ஃபார்ம் நிரப்ப வேண்டும், அதை லோயரிடம் ஞாபகப்படுத்துங்கள்.


ஜெலுத்தோங் மகள்
வியாழன், இரவு 10:02

நான் ஏஜெண்ட் இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

எங்கள் அப்பாவின் வீடு ஜெலுத்தோங்கில் இருந்தது. அம்மா போன பிறகு மாடி ஏற முடியவில்லை என்று விற்றார். ஏஜெண்ட் நல்லவர், மரியாதையாகப் பேசுவார். வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஆப்பம் வாங்கி வருவார். ஒரே ஒருவர்தான் வீடு பார்க்க வந்தார், அவருக்கே விற்றது. விலை குறைவு என்று எனக்குத் தோன்றியது. "சந்தை இப்போது படுத்துவிட்டது அங்கிள்" என்றார் ஏஜெண்ட். அப்பா கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி போன் செய்தார். வீடு மறுபடியும் விற்றுவிட்டது, நல்ல விலைக்கு. விற்றுக் கொடுத்தவர் அதே ஏஜெண்ட். முதலில் வாங்கியவர் அவருடைய மனைவியின் தம்பி. நில அலுவலகத்தில் தேடல் எடுத்துப் பார்த்தோம், பேர் இருந்தது.

அப்பாவிடம் வழக்குப் போடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நம்ம வீட்டில உட்கார்ந்து சாப்பிட்டவன்" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். அதற்குப் பிறகு ஆப்பம் வாங்கி வந்தால் சாப்பிடமாட்டார். சாகும்வரை.

செந்தூல் தம்பி, நீங்கள் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். தயவுசெய்து அந்த அம்மாவிடம் போய் விலையைச் சொல்லிவிடுங்கள்.


புது டேக்
வியாழன், இரவு 11:40

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், என்னை மாதிரி புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.


செராஸ் அக்கா
வெள்ளி, காலை 6:45

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் பதினோரு வருஷமாக ஏஜெண்ட். இப்போது சொந்தமாக மூன்று யூனிட் இருக்கிறது, எல்லாம் செராஸில், எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில்.

நான் ஏஜெண்ட் வேலை பார்ப்பது பங்சார், மோண்ட் கியாரா. சொந்தமாக வாங்குவது செராஸில் மட்டும். இதை வேண்டுமென்றேதான் பிரித்தேன். செராஸில் எனக்கு வாடிக்கையாளரே கிடையாது. யாராவது செராஸ் வீட்டை விற்கக் கொடுத்தால் டீமில் வேறொருவருக்குத் தள்ளிவிடுவேன். என் வீட்டை நான் வாங்குவது வேறு ஏஜெண்ட் மூலம். அப்படிச் செய்தால் மனசில் குழப்பமே வராது. நல்ல வீடு சிலது கைவிட்டுப் போகும். போகட்டும்.

அடுத்தது பணம். 2020 மார்ச் 18, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. அப்போது எனக்கு இரண்டு யூனிட். வீடு காட்ட முடியாது, விற்க முடியாது. பிப்ரவரியில் புக்கிங் ஆன இரண்டு வீட்டின் எஸ்.பி.ஏ. (விற்பனை ஒப்பந்தம்) கையெழுத்தாகவில்லை, லோயர் ஆபீஸே மூடியிருந்தது. கமிஷன் வராமல் ஐந்து மாதம். ஒரு வாடகைக்காரர் ஹோட்டலில் வேலை பார்த்தவர், அவருக்கும் சம்பளம் இல்லை. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைத்தார்கள் பாருங்கள், அது இல்லாவிட்டால் ஒரு யூனிட் லெலோங்குக்கு, அதாவது ஏலத்துக்குப் போயிருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கால்குலேட்டர் தட்டிக்கொண்டிருப்பேன்.

அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். எத்தனை யூனிட் இருக்கிறதோ அத்தனைக்கும் பன்னிரண்டு மாதத் தவணை தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லாமல் அடுத்த வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கமிஷன் வந்தவுடன் முதலில் வரிக்கு ஒரு பங்கு ஒதுக்குவேன், சி.பி.500 என்ற வரித் தவணை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும். பிறகு இ.பி.எஃப். (ஓய்வுகாலச் சேமநிதி). நமக்கு முதலாளி கிடையாது, நாமாகப் போடாவிட்டால் யாரும் போடமாட்டார்கள். விபத்துக் காப்பீடு தரும் சொக்சோவின் சுயதொழில் திட்டத்திலும் சேர்ந்துகொள்ளுங்கள், தினமும் ரோட்டில் இருக்கிறோம். இதெல்லாம் போக மிச்சம்தான் வீட்டுக்கு.

இன்னொரு விஷயம், அவசரம். உள்ளுக்குள் தவணைக்குப் பணம் பத்தாமல் இருக்கும்போது வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவரை நாம் தள்ளுவோம். "இன்றே புக்கிங் போடுங்கள்" என்போம். அவருக்கு அந்த வீடு பொருந்தாது என்று தெரிந்தும் சொல்லமாட்டோம். நான் அப்படி ஒருவருக்கு விற்றிருக்கிறேன், 2019-ல். நெடுஞ்சாலைச் சத்தம் படுக்கையறைக்குள் கேட்கும் யூனிட். அவர்கள் பார்க்க வந்தது ஞாயிறு காலை, சத்தம் இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த மாதம் எனக்கு இரண்டு தவணை பாக்கி. சொந்த முதலீடு நம் தொழிலை எப்படிக் கெடுக்கும் என்று கேட்டால் எனக்கு அந்த வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.


ஆயர் ஈத்தாம் பெரியவர்
வெள்ளி, காலை 9:10

அம்மா, நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. 1998-ல் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. என்னிடம் அப்போது நான்கு கடன். இரண்டை நஷ்டத்துக்கு விற்றேன். அந்த வருஷம் என்னிடம் வந்த வாடிக்கையாளர்களுக்கு நான் முழு மனதோடு வேலை பார்க்கவில்லை, அது இப்போதும் உறுத்துகிறது. பன்னிரண்டு மாதக் கையிருப்பு என்ற உங்கள் வைராக்கியம் அன்று எனக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெலுத்தோங் மகளே, உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு எங்கள் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் வருந்துகிறேன்.


புது டேக்
வெள்ளி, மதியம் 12:30

லெலோங் வீடு வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லைதானே? அங்கே யாரும் நம் வாடிக்கையாளர் இல்லை.


லோன் டெஸ்க்
வெள்ளி, மதியம் 12:55

அங்கே வேறு சிக்கல். முன்பணத்தைப் பேங்க் டிராஃப்டாகக் கொண்டுபோக வேண்டும், பெரும்பாலும் பத்து விழுக்காடு. மீதியை 90 அல்லது 120 நாளில் கட்ட வேண்டும், எத்தனை நாள் என்று விற்பனை நிபந்தனையில் எழுதியிருக்கும். அதற்குள் கடன் கிடைக்கவில்லை என்றால் முன்பணம் போச்சு. கமிஷன் வருமானக்காரருக்குக் கடன் தாமதமாவது சகஜம். வீட்டை உள்ளே போய்ப் பார்க்க முடியாது, ஆள் குடியிருந்தால் காலி செய்ய வைப்பது உங்கள் பாடு. பராமரிப்புக் கட்டணப் பாக்கியை யார் கட்டுவது என்று நிபந்தனையில் தேடிப் படியுங்கள். முதல் வீட்டை அங்கே வாங்க வேண்டாம், தம்பி.

அப்புறம், அந்த வீட்டுக்காரர் உங்களிடம் முன்பு விற்கக் கொடுத்தவராக இருந்தால் லெலோங்கிலும் நீங்கள் ஒதுங்கி நிற்பதுதான் சரி.


செந்தூல் தம்பி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

எல்லாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜெலுத்தோங் அக்கா எழுதிய மறுநாளே போனேன். மதிப்பீட்டுத் துறையின் விற்பனை விவரத்தில் அந்த வரிசை வீடுகளின் விலையைத் தாளில் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவின் முன்னால் வைத்தேன். "போன வாரமே எனக்குத் தெரியும்மா, நான் சொல்லவில்லை. எனக்கே வாங்கணும்னு ஆசை இருந்தது" என்றேன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை, காரில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்கள். பிறகு ஜொகூருக்கு மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். மகன் கொஞ்சம் கோபமாகவே பேசினார், கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. எல்லாவற்றையும் எங்கள் ஏஜென்சியின் பதிவு பெற்ற ஏஜெண்டிடமும் சொல்லி, வாங்கும் எண்ணம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் வேறு ஏஜெண்ட் வேண்டுமானாலும் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவர்களே கூப்பிட்டு, "நீயே பாரு" என்றார்கள்.

570-க்குப் போட்டோம். வந்து பார்த்தது ஏழு குடும்பம். 552-க்கு முடிந்தது. வாங்குகிறவர்கள் கே.எல். பொது மருத்துவமனையில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். முன்பணம் ஏஜென்சியின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டாயிற்று. அடுத்த வாரம் எஸ்.பி.ஏ. கையெழுத்து. விற்பவருக்குத் தனி லோயர் வேண்டும் என்று மகனிடம் சொல்லி, அவரே ஒருவரைப் பிடித்திருக்கிறார். ஆதாய வரி ஃபார்மையும் ஞாபகப்படுத்திவிட்டேன், கணக்குப்பிள்ளை அண்ணே.

என் கணக்கையும் சொல்கிறேன். செத்தாப்பாக் தவணைக்குப் பன்னிரண்டு மாதம் இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கு மாதம்தான் இருந்தது. இத்தனை நாளும் என்னை முதலீட்டாளன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கமிஷன் வந்ததும் தனிக் கணக்கு திறக்கிறேன். இரண்டாவது வீடு அடுத்த வருஷம் பார்க்கலாம், அதுவும் என் வட்டாரத்தில் வேண்டாம். செராஸ் அக்கா, அப்போது உங்களைத் தொந்தரவு செய்வேன்.

நேற்று கிராண்ட் நகல் எடுக்கப் போயிருந்தேன். அந்த அம்மா மைலோ டின்னை அப்படியே என்னிடம் கொடுத்து, லோயருக்கு எது வேணுமோ எடுத்துக்கோ என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து, வேண்டிய தாளை மட்டும் எடுத்துப் பட்டியல் எழுதி, அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு டின்னைத் திருப்பிக் கொடுத்தேன்.


செராஸ் அக்கா
ஞாயிறு, இரவு 9:00

தாராளமாகக் கூப்பிடுங்க தம்பி. அந்தப் பட்டியலில் இரண்டு நகல் எடுத்து ஒன்றை மகனுக்கும் அனுப்பிடுங்க.


செந்தூல் தம்பி
ஞாயிறு, இரவு 9:04

அது தோணவில்லை அக்கா. இப்பவே போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.